சோதனையைத் திருத்தியவர்கள்

லக்ஷன் தனுஷியாவை முதன்முதலாகக் கண்டது வாவியில் மீன் செத்து மிதந்த கிழமையில்தான். டவுணில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். தன்னாமுனைக்குக் கிட்ட வரும்போது நாற்றம் ஹெல்மெட்டுக்குள் புகுந்து தொண்டையைப் பிடித்தது. தெருவில் போனவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகத்தைக் கூட்டினார்கள். அவன் மட்டும் நிறுத்தினான். அந்த நாற்றத்துக்கு நடுவில் ஒரு பெண் முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

களிசானைச் சுருட்டி விட்டிருந்தாள். முகத்தைச் சால்வையால் கட்டியிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் நுனியில் கட்டிய கருவி தண்ணீருக்குள். அதிலிருந்து வந்த வயர் கரையில் ஒரு பேசினுக்குள் இருந்த மடிக்கணினிக்குப் போனது. அவளைச் சுற்றிச் செப்பலியும் ஓராவும் கெளுத்தியும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. சிலது ஊதி வெடித்திருந்தது.

"என்ன தம்பி, படமெடுத்துப் போட வந்தயா?" என்றாள் திரும்பிப் பாராமலே.

"இல்ல அக்கா. என்ன செய்யிறீங்க எண்டு பாக்கத்தான் நிண்டன்."

"பாத்து முடிஞ்சா வந்து இந்த வயரப் பிடி. தண்ணிக்குள்ள விழுந்தா உன்ட சைக்கிளத்தான் விக்க வேணும்."

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். வழவழவென்று ஏதோ ஒன்று கெண்டைக்காலில் உரசிக்கொண்டு போனது. மத்தியானம் தின்ற சோறு மேலே வந்தது.

"சத்தி எடுக்கிறதெண்டா அங்கால போய் எடு. இஞ்ச எடுத்தா என்ட அளவு பிழைச்சிரும்."

அவன் அங்கால போய் எடுத்துவிட்டு வந்தான். வந்து வயரைப் பிடித்தான். திரையில் நீரில் கரைந்த ஒட்சிசனின் அளவு வந்து விழுந்துகொண்டிருந்தது. பூச்சியத்தை ஒட்டிய இலக்கங்கள். அதற்குப் பக்கத்தில் திறந்து கிடந்த நிரலை அவன் வாசிக்கத் தொடங்கினான். லக்ஷன் சும்மா ஆள் இல்லை. கரடியனாற்றில் அவன் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள், அதுவும் கணினி விஞ்ஞானத்தில். ஊரில் யாராவது அதைக் 'கொம்பியூட்டர் கோர்ஸ்' என்று சொன்னால் நின்று திருத்திவிட்டுத்தான் போவான்.

"இது ஆர் எழுதின நிரல் அக்கா?"

"நான்தான். என்ன, பொம்பிளையள் எழுதினா ஓடாதா?"

"ஓடும். ஆனா இந்த வரியில..."

"தெரியும். அந்த வரியாலதான் நான் இந்த நாத்தத்துக்குள்ள நிக்கிறன்."

அந்த வரியின் கதைதான் தனுஷியாவின் கதை.

அவளுடைய தகப்பன் நல்லரத்தினம் மீன் வாடிகளுக்கு ஐஸ் ஏற்றும் சின்ன லொறி ஓட்டினார். அவள் வந்தாறுமூலையில் படித்து விஞ்ஞானப் பட்டம் எடுத்தாள். வேலை கிடைக்கவில்லை. வேலையற்ற பட்டதாரிகள் உண்ணாவிரதம் இருந்த பந்தலில் அவளும் போய்க் குந்தினாள். பந்தலுக்குப் பின்பக்கம் ஒருவன் பற்றிஸ் பெட்டியைத் திறப்பதைக் கண்ட அன்றே எழும்பி வந்துவிட்டாள். "பசிச்சா வீட்ட போய்த் தின்ன வேண்டியதுதானே. மாலையும் போட்டுக்கிட்டுத் தின்னுறான்" என்று சொல்லிக் காறித் துப்பினாளாம். அதற்குப் பிறகு அரசாங்க வேலை என்ற பேச்சே அவளிடம் இல்லை. வீட்டு வளவில் தகரக் கொட்டில் ஒன்று போட்டு, சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கத் தொடங்கினாள். பிள்ளைகளுக்கு அவளைப் பயம். ஒருவனைப் பார்த்து இன்னொருவன் எழுதினால் இரண்டு பேரின் தாளையும் கிழித்துப் போடுவாள்.

கொட்டிலில் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அவள் எழுதியதுதான் 'வாவிமானி'. மலிவான கருவிகளைத் தண்ணீரில் இறக்கி உப்பு, வெப்பம், ஒட்சிசன் மூன்றையும் அளந்தால், அந்த அளவுகளைத் துப்புரவாக்கிக் கோடு வரைந்து காட்டும் நிரல். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தாள். புத்தளத்தில் எடுத்தார்கள். கேரளத்தில் எடுத்தார்கள். பிரேசிலிலிருந்து ஒருவன் பெரிய புகழ்ச்சியோடு மடல் போட்டான். புகழ்ச்சி கூடிப்போயிற்று என்று அவனுக்கு அவள் மாதக்கணக்கில் மறுமொழி போடவில்லை. அப்படியொரு குணம். கூட இருந்து தொடங்கிய இரண்டு பேரும் அந்த வாய்க்குப் பயந்துதான் கழன்றார்கள்.

மலிவான கருவிக்கு ஒரு நோய் உண்டு. அலை அடித்து அது தண்ணீருக்கு வெளியே வந்தால் ஒட்சிசன் பூச்சியம் என்று காட்டும். அதனால் தொடக்கத்திலேயே தனுஷியா ஒரு வரி எழுதியிருந்தாள்: ஒட்சிசன் இன்ன அளவுக்குக் கீழே போனால் அது கருவிப் பிழை, அந்த அளவை எறிந்துவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அளவுகளை நேர்கோட்டால் இணை.

மீன் செத்த கிழமையில் அவள் எடுத்த அளவுகளை நிரலுக்குள் போட்டபோது, அது எல்லாவற்றையும் எறிந்துவிட்டு அழகான ஒரு நேர்கோடு வரைந்தது. கோட்டின்படி வாவி சுகமாக இருந்தது. கொட்டிலின் யன்னலால் செத்த மீனின் வாடை வந்துகொண்டிருந்தது.

"என்ட கையால எழுதின நிரல் என்ட முகத்தப் பாத்துப் பொய் சொல்லுது தம்பி" என்றாள் லக்ஷனிடம். அதற்குள் அவன் அந்தக் கொட்டிலுக்குப் போய் வரத் தொடங்கியிருந்தான். "இத எத்தின ஊரில ஓட்டுறாங்க. அங்கயெல்லாம் என்னென்ன செத்துதோ, ஆருக்குத் தெரியும்?"

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்: செத்த கிழமை செத்த கிழமையாகவே தெரிய வேண்டும்.

முதல் வேலையாக ஒரு சோதனை எழுதி வைத்தாள். நிரல் எழுதுகிறவர்கள் இப்படிச் சின்னச் சின்னச் சோதனைகளைக் கூடவே வைத்திருப்பார்கள். இன்ன அளவுகளைக் கொடுத்தால் இன்ன விடை வர வேண்டும். வந்தால் திரையில் பச்சை, வராவிட்டால் சிவப்பு. தனுஷியாவின் புதிய சோதனை மீன் செத்த கிழமையின் அளவுகளைக் கொடுத்து, அவை அழியாமல் திரும்பி வருகின்றனவா என்று பார்த்தது. வரவில்லை. மற்றச் சோதனைகள் எல்லாம் பச்சையாக நிற்க, அது மட்டும் சிவப்பாக நின்றது. நிரலைத் திருத்தும்வரை அது சிவப்பாகத்தான் நிற்கும். நிற்கவும் வேண்டும்.

திருத்துவது ஒரு கையால் ஆகிற வேலையாக இருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் உதயரூபன் வந்தார்.

உதயரூபன் 'கிழக்கொளி நிரலாளர் மன்றம்' என்று ஒன்று வைத்திருந்தார். முதுமாணிப் பட்டம் எடுத்தவர், வெளிநாட்டுக் கூட்டங்களுக்குப் போய் வந்தவர். எல்லோரும் அவரைச் 'சேர்' என்பார்கள். தனுஷியா மட்டும் பழைய பழக்கத்தில் அண்ணன் என்பாள். வந்தாறுமூலைச் சந்திக்குக் கிட்ட ஒரு கலியாண மண்டபத்தை எடுத்து, சனியும் ஞாயிறும் எல்லோரும் நேரில் கூடியிருந்து வாவிமானியில் வேலை செய்யப் போவதாகச் சொன்னார். வெளிநாடுகளில் இப்படித்தானாம். ஒரே மேசையைச் சுற்றி இருப்பார்களாம், ஒருவர் எழுத மற்றவர் பார்ப்பாராம், மாதக்கணக்கில் மடலில் இழுபடுகிற சிக்கல் ஒரு பகலில் அவிழுமாம். தனுஷியா நம்பினாள். லக்ஷனும் நம்பினான். பட்டம் பெற்ற அத்தனை பேர் ஓரிடத்தில் கூடினால் ஆகாதது என்ன என்று அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த இரண்டு நாளுக்கும் மாற்றங்களைச் சேர்க்கும் உரிமையைத் தனுஷியா உதயரூபனுக்கும் கொடுத்தாள். ஆனால் ஒரு விதி வைத்தாள்: ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் வாசித்து 'சரி' சொன்னால்தான் அது நிரலில் சேரும்.

சனிக்கிழமை காலை வெள்ளணப் போனால், மண்டபத்தில் மேசை இல்லை. கலியாணத்துக்குப் போடுகிற மாதிரிக் கதிரைகள் மேடையைப் பார்த்து வரிசையாகக் கிடந்தன. மேடையில் மங்கள விளக்கு. விருந்தினர்களை மாலை போட்டு வாசலிலிருந்து அழைத்துவந்தார்கள். விளக்கேற்ற ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் வர, படமெடுப்பவன் 'ஒருக்கா சேர், இன்னொருக்கா' என்று திரும்ப ஏற்றச் சொன்னான். வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. வாவியைப் பற்றி ஒருவர் பேசினார், 'மீன் பாடும் தேன் நாடு' என்று தொடங்கி அதிலேயே முடித்தார்.

"பாடினது செத்துப் போச்சு ஐயா" என்றாள் தனுஷியா. முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

பக்கத்தில் இருந்த றிஸான் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தான். ஏறாவூர்க்காரன், கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறவன். மடிக்கணினியை மடியில் வைத்து எப்போதோ வேலையைத் தொடங்கியிருந்தான்.

"அக்கா, நன்றியுரையும் இப்பவே செல்லுறாங்க. அப்ப நாம வீட்ட போகலாமா?"

மத்தியானச் சோற்றுப் பார்சலுக்குப் பிறகுதான் வேலை. லக்ஷனும் றிஸானும் கலியாணச் சாப்பாட்டு மேசை ஒன்றைப் பின்னறையிலிருந்து இழுத்துவந்து மூலையில் போட்டார்கள். மூன்று பேரும் அதைச் சுற்றி இருந்தார்கள். உள்ளதைச் சொன்னால், அந்தப் பின்னேரம் நல்ல பின்னேரம். தனுஷியா நிரலை வாய்விட்டு வாசித்தாள், றிஸான் குறுக்கே விழுந்தான், லக்ஷன் கோடு கீறினான். றிஸான்தான் முதலில் வழியைக் கண்டான்.

"கருவி வெளிய வந்தா உப்பும் பூச்சியமாகுதுதானே? மீன் செத்த கிழமையில உப்பு அப்பிடியே இரிக்கி. ஒட்சிசன் மட்டும் விழுந்திரிக்கி. அப்ப உப்பப் பாத்துத் தீர்மானிச்சா என்ன?"

"டேய்" என்றாள் தனுஷியா. அவள் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான். மறு நிமிடமே முகம் சுருங்கியது. "மாரியில வெள்ளம் வந்தா வாவியில உப்பே இராதே. அப்ப என்ன செய்யிற?"

அந்தக் கேள்வியோடு சனி முடிந்தது.

ஞாயிறு காலையில் லக்ஷன் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். வந்திருந்தவர்களில் கனபேர் மாணவர்கள். மாற்றம் ஏற்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் டீ சேர்ட் என்று அறிவித்திருந்தார்கள். ஒருவன் விளக்கக் குறிப்பில் ஒரு காற்புள்ளியை எடுத்தான். பக்கத்தில் இருந்தவன் 'சரி' பட்டனை அமத்தினான். பிறகு பக்கத்தில் இருந்தவன் அதே காற்புள்ளியைத் திரும்பப் போட்டான். முதலாமவன் 'சரி' என்று அமத்தினான். இரண்டு பேரும் டீ சேர்ட்டோடு செல்பி எடுத்தார்கள். இன்னொரு வரிசையில், செய்த மாற்றத்தை யாராவது வாசித்தார்களா என்று லக்ஷன் கேட்டபோது, "வாசிக்கிறண்டா நேரம் போயிரும் அண்ணா, கூட்டாளிதானே" என்றாள் ஒருத்தி. மேடைத் திரையில் மாற்றங்களின் தொகை ஏற ஏற உதயரூபன் மைக்கில் கைதட்டச் சொன்னார்.

லக்ஷனுக்கு வாய்க்குள் ஏதோ கசந்தது. இவர்களெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகள். கரடியனாற்றைப் போன்ற ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். இரண்டே நாளில் இவர்களுக்கு யாரோ இதைத்தான் படிப்பித்திருக்கிறார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு உதயரூபன் மூலை மேசைக்கு வந்தார்.

"எப்பிடிப் போகுது தங்கச்சி?"

"ஒரு முடிச்சு கிடக்கு. வெள்ள காலத்த வெப்பத்த வெச்சுப் பிரிக்கலாம் போல. இன்னும் ஒண்டு ரெண்டு கிழமை வேணும்."

"கிழமையா? பிரதம விருந்தினர் வாறார் தங்கச்சி. கொழும்பில கம்பனி வெச்சிருக்கிறவர். அவர்தான் புது வெளியீட்டு பட்டன அமத்தப் போறார். நாலரைக்கு ராகுகாலம், அதுக்கு முதல் சுபநேரம் பாத்து வெச்சிருக்கு."

தனுஷியா மடிக்கணினியிலிருந்து தலையை எடுத்தாள். "எதுக்கு சுபநேரம்?"

"வெளியீட்டுக்கு."

"நிரலுக்கா?"

"ஒரு நல்ல காரியம்தானே. இப்ப பிரச்சினை என்னெண்டா, திரையில ஒரு சிவப்பு நிக்கிது. அத ஒள்ளுப்பம் பாத்துப் பச்சையாக்கி விடு. பச்சை வந்தாப் போதும்."

"அது பச்சையாகிறதுக்குத்தானே ரெண்டு நாளா மாயிறம்."

"எனக்கு விளங்குது. ஆனா அவ்வளவு பெரிய ஆள் வந்து அமத்தக்குள்ள சிவப்பு நிண்டா அபசகுனமா இருக்காதா?"

"செத்த மீனெல்லாம் சகுனம் பாத்தா செத்தது?" தனுஷியாவின் குரல் உயர்ந்தது. "சிவப்பு நிக்கட்டும் அண்ணன். இன்னும் முடியல்ல எண்டு சொல்லுங்க. வெளியீட்ட மறுகா ஒருநாள் வெச்சுக்குவம். அவருக்கு டீயக் குடுத்து அனுப்புங்க."

"மறுகா அவர் வருவாரா? அடுத்த வருசத்துக்கு மண்டபக் காசு ஆர் தாற?"

"அப்ப மண்டபத்துக்குத்தான் நிரல். நிரலுக்கு மண்டபம் இல்ல."

றிஸான் இருமினான். உதயரூபன் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை லக்ஷன் பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேடையில் ஆயத்தங்கள் நடந்தன. ஒரு மடிக்கணினியைப் பட்டுத்துணி விரித்த மேசையில் வைத்து, மூடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். விசைப்பலகைக்குக் குறுக்கே சிவப்பு ரிபன் கட்டினார்கள். ஒருவன் ஒரு தட்டில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நின்றான். லக்ஷன் தண்ணீர் குடிக்க எழும்பியபோது மேடைத் திரையைப் பார்த்தான். எல்லாம் பச்சை.

முதலில் அவனுக்குச் சந்தோசம் வந்தது. றிஸான் அவிழ்த்துவிட்டான் என்று நினைத்தான். ஓடிவந்து றிஸானின் முதுகில் தட்டினான்.

"என்னத்தடா? நான் இன்னும் வெள்ளத்துக்குள்ளதான் நிக்கன்."

லக்ஷன் தன் கணினியைத் திறந்து கடைசி மாற்றத்தை எடுத்தான். 'சிறு திருத்தம்' என்று தலைப்பு. செய்தவர் உதயரூபன். நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மாறியது சோதனை. மீன் செத்த கிழமைக்கு வர வேண்டிய விடை என்று தனுஷியா எழுதியிருந்த, பூச்சியத்தை ஒட்டிய இலக்கங்கள் எல்லாம் போயிருந்தன. அந்த இடத்தில் நிரல் வரைந்த பொய்க்கோட்டின் இலக்கங்கள் அப்படியே ஒட்டப்பட்டிருந்தன. பொய்தான் சரியான விடை என்று சோதனைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். சோதனை அதைக் கேட்டுப் பச்சையாகிவிட்டது. முன்வரிசையில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த ஒரு மாணவன், எண்ணெய் வடிகிற விரலால் 'சரி' அமத்தியிருந்தான். வாசித்திருக்க மாட்டான்.

லக்ஷன் அந்த இலக்கங்களை இன்னொருமுறை வாசித்தான். விசயம் தெரியாத ஒருவன் செய்திருந்தால் ஏசிவிட்டுப் போகலாம். இந்த மனுசன் முதுமாணி. அந்த இலக்கங்களை எங்கே எடுத்து எங்கே ஒட்ட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்துதான் ஒட்டியிருக்கிறார். அதைச் செய்த கையால்தான் போன வருடம் லக்ஷன் இணையத்தில் போட்ட பட்டமளிப்புப் படத்துக்கு 'கிராமத்தின் பெருமை' என்று எழுதி இதயப்படம் போட்டிருந்தார். லக்ஷன் அப்போதே கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தின் கீழிருந்த அவருடைய சொற்களை அழித்தான்.

தனுஷியா மாற்றத்தை வாசித்தாள். திட்டுவாள் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திட்டவில்லை. சால்வையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், கெட்டுப்போன சோறு வாயில் பட்டவர்களைப் போல.

"அக்கா, நான் மேடைக்குப் போய்ச் செல்லட்டா?" என்றான் றிஸான்.

"மைக் ஆர்ட கையில கிடக்கு? போனா உன்ன நன்றியுரைக்குள்ள போட்டு மூடிருவான்."

மேளமும் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியில் தொடங்கின. பிரதம விருந்தினர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தனுஷியா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். உதயரூபனின் மாற்றத்தை நீக்கிப் பழைய சோதனையைத் திரும்ப வைத்தாள். பிறகு லக்ஷனைப் பார்த்தாள்.

"வாசி."

அவன் வரி வரியாக வாசித்தான். அவள் வைத்த விதிதானே.

"சரி" என்று அமத்தினான்.

வெளியீட்டு விசையை அமத்தினால், நிரல் தன் சோதனைகள் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும். ஒன்று தவறினாலும் வெளியீடு நின்றுவிடும். விருந்தினர் ரிபனை வெட்டினார். உதயரூபன் சபைக்கு நேரத்தைச் சொல்லி, கையைக் காட்ட, விருந்தினர் விசையை அமத்தினார். பெரிய திரையில் பச்சை வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கின. கடைசியில் திரை சிவப்பாகி நின்றது. அந்தச் சோதனை தவறினால் காட்ட வேண்டிய வசனத்தைத் தனுஷியா தமிழில் எழுதி வைத்திருந்தாள். அது கலியாண மண்டபத்தின் அகலத்துக்கு வந்து நின்றது:

மீன் செத்த கிழமையைக் காணவில்லை.

லக்ஷன் கதிரை வரிசைகளைப் பார்த்தான். இப்போதாவது யாராவது எழும்பி என்ன இது என்று கேட்பார்கள்.

மண்டபம் கைதட்டியது.

விருந்தினரும் தட்டினார். "முடிஞ்சுதா?" என்று மைக்கில் விழும்படி கேட்டார். "முடிஞ்சுது சேர், வெற்றிகரமா முடிஞ்சுது" என்றார் உதயரூபன், முகம் வெளிறி. படமெடுப்பவன் எல்லோரையும் திரைக்கு முன்னால் நிற்கச் சொன்னான். சிவப்பு வசனத்தை முதுகால் மறைத்துக்கொண்டு, புது டீ சேர்ட்டுகளில், எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

"அல்லாஹ்வே" என்றான் றிஸான். "வாசிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் இதுக்குள்ள இல்லயா?"

"வாசிக்கத் தெரியும்டா" என்றாள் தனுஷியா. "வேண்டாம் எண்டு இரிக்காங்க."

வாசலில் உதயரூபன் கையை நீட்டி அவளை மறித்தார். "என்ன சபையில வெச்சுக் கேவலப்படுத்திட்டாய் நீ."

"உன்ன ஆரும் கவனிக்கல்ல. நல்லாத்தானே கை தட்டினாங்க." 'அண்ணன்' போய் 'நீ' வந்துவிட்டதை லக்ஷன் கவனித்தான். "ஒட்சிசன் இல்லாத தண்ணிக்கு ஒட்சிசன் எழுதிக் குடுத்த கை அது. அத நீட்டாத. தள்ளி நில்லு."

அதோடு முடியவில்லை. அடுத்த நாளே உதயரூபன் வாவிமானியை முழுசாகப் பிரதியெடுத்து, மன்றத்தின் பக்கத்தில் வேறு பெயரில் வைத்தார். பிரதியில் சோதனை அவர் திருத்திய மாதிரியே இருந்தது. எல்லாம் பச்சை. கீழே மண்டபத்துப் படம். பங்களித்தவர்கள் என்று காற்புள்ளிக்காரர் அத்தனை பேரின் பெயரும் இருந்தது. தனுஷியாவின் பெயர் 'மற்றும் பலர்' என்பதற்குள் போயிருந்தது.

றிஸான் கொதித்தான். "வழக்குப் போடுவம் அக்கா."

"என்னெண்டு போடுற? ஆரும் எடுக்கலாம் எண்டு எழுதி வெச்சது நான்தானே."

"எடுக்கலாம். இப்பிடி அழுகினதா மாத்தியுமா எடுக்கலாம்?"

"மாத்தலாம் எண்டும் எழுதித்தான் இரிக்கி." அவள் எழும்பிப் போய்க் கொட்டில் வாசலில் துப்பிவிட்டு வந்தாள். "வா, வெள்ளத்தப் பாப்பம்."

வெள்ளத்தின் முடிச்சு அவிழ்ந்தது. பௌர்ணமிப் போயா விடுமுறைகளில் மூன்று பேரும் தகரக் கொட்டிலில் கூடினார்கள். பிள்ளைகளின் வாங்குப் பலகையில் குந்தி ஒருவர் எழுத மற்றவர் வாசித்தார். வெப்பத்தையும் உப்பையும் சேர்த்துப் பார்த்தால் கருவி வெளியே வந்ததையும் வெள்ளம் வந்ததையும் பிரிக்க முடிந்தது. மீன் செத்த கிழமையின் சோதனை ஒருநாள் பின்னேரம் தானாகப் பச்சையானது. யாரும் கைதட்டவில்லை. றிஸான் ஓட்டோவில் போய் மாட்டிறைச்சிக் கொத்துரொட்டி வாங்கி வந்தான். தனுஷியா மாடு தின்னமாட்டாள், அவளுக்கு முட்டை.

ஆனால் ஊரில் ஓடுவது அவர்களுடையது இல்லை. மன்றத்துக்கு ஆள்பலம் உண்டு, விழா உண்டு. பாடசாலைக் கண்காட்சிகளுக்கும் திட்ட அலுவலகங்களுக்கும் போனது உதயரூபனின் பிரதிதான். வாவியின் ஆரோக்கியம் என்று ஒரு கண்காட்சியில் பெரிதாக மாட்டியிருந்த வரைபடத்தை லக்ஷன் கண்டான். மீன் செத்த கிழமையின் இடத்தில் அளவுகோல் வைத்துக் கீறியது போல் நேர்கோடு. அதற்கு முன்னால் ஒரு ஆசிரியை பிள்ளைகளுக்குக் கோட்டைத் தொட்டுக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அந்த ஆசிரியையும் அந்தக் கிழமையில் மூக்கைப் பொத்திக்கொண்டு தன்னாமுனையைக் கடந்திருப்பார். லக்ஷன் குறுக்கே போய், "மிஸ், இந்த இடம் பொய்" என்றான். "தம்பி என்ன படிச்சது?" என்று கேட்டார் ஆசிரியை. சொன்னான். "அப்ப உங்கட பெரியாக்கள் கீறினதப் பிழை எண்டு சொல்லலாமா?" என்றார்.

அதைத் தனுஷியாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "நாறல்" என்றாள். பிள்ளைகளின் தாள்களைத் திருத்திக்கொண்டே சொன்னாள்.

தனுஷியா இப்போதும் தன்னாமுனையில்தான் இருக்கிறாள். தகரக் கொட்டிலில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறாள். மூல வாவிமானியை அவளும் றிஸானும் லக்ஷனும் பார்த்துக்கொள்கிறார்கள். புத்தளத்தில் இரண்டு பேரும் பிரேசிலில் அந்த ஒருவனும் அதைத்தான் பாவிக்கிறார்கள். அவனுக்கு அவள் இப்போது மறுமொழி போடுகிறாள். மன்றத்தின் அடுத்த கூட்டு அமர்வுக்கு அழைப்பிதழ் வந்தது. அவள் போகவில்லை.